தொட்டி ஆடுனா மேஸ்திரி கூலியில கை வெக்காதீங்க

நம்ம அமராவதி பாசனப் பக்கம் தோப்பு வாங்கி, பண்ணை வீடு கட்டி, அதுக்குள்ள ஒரு குளியல் தொட்டியும் வைக்கிற நகரத்து நண்பர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். பொறுத்துக்குங்க.

சமீப காலமா இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். "அம்பதாயிரம் கொடுத்து பாத்டப் வாங்கினேன் சார். கால் வெச்சா ஆடுது. தண்ணி ஒரு ஓரத்துல தேங்கி நிக்குது. சுவர் ஓரத்துல பசை பிஞ்சு வருது. இந்த ஊர் ஆளுங்களுக்கு மட்டம் பிடிக்கவே தெரியலை."

கடைசி வாக்கியம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது.

மட்டம் பிடிக்கத் தெரியலையாம். யாருக்கு? கல்லாபுரம், குமரலிங்கம் பக்கம் வந்து நெல் வயலைப் பாருங்க. நடவுக்கு முன்னாடி சேத்துல பரம்பு அடிச்சு, வயல் முழுக்க ரெண்டு அங்குலத் தண்ணியை ஒரே சீரா நிறுத்தணும். ஒரு பக்கம் மேடு இருந்தா அங்கே களை மண்டும். ஒரு பக்கம் பள்ளம் இருந்தா அங்கே நாத்து அழுகும். கருவியே இல்லாம, தண்ணி நிற்கிறதை வெச்சே மேடு பள்ளம் கண்டுபிடிச்சு மண்ணை இழுத்துப் போடுற ஊர் இது. இப்ப லேசர் வெச்சு நிலத்தை மட்டம் பண்ற மெஷினும் வந்தாச்சு. ஆனா தண்ணியை விட நேர்மையான மட்டக்கோல் இன்னும் வரலை.

சரி, அது விவசாயி சமாச்சாரம், கொத்தனாருக்கு என்ன தெரியும்னு கேட்பீங்க. என் மாட்டுக் கொட்டகைத் தளத்தைப் போட்டது உள்ளூர் மேஸ்திரிதான். அந்தத் தளத்துல மூத்திரம் தேங்கக் கூடாது, அதனால வாட்டம் வேணும். வாட்டம் அதிகமாப் போனா மாடு வழுக்கி விழும், சினை மாடு விழுந்தா முடிஞ்சுது கதை. அந்த ரெண்டுக்கும் நடுவுல சரியான வாட்டம் கொடுத்து, பத்து வருஷமா ஒரு சொட்டு தேங்காம ஓடுற தளம் அது. அந்த ஆளுக்கு உங்க அஞ்சடித் தொட்டியை மட்டமா வைக்கத் தெரியாதாக்கும்!

தெரியும். ஆனா நீங்க வைக்க விடறதில்லை. நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். விளக்கமாச் சொல்றேன்.

முதல்ல, தொட்டிக்கு என்ன கனம்னு யோசிச்சிருக்கீங்களா? சாதாரண அஞ்சடி அக்ரிலிக் தொட்டி காலியா இருக்கும்போது முப்பது கிலோ பக்கம்தான் இருக்கும். ரெண்டு பேர் தூக்கிட்டு வந்துடலாம். அதனால அது லேசான சாமான்னு நினைச்சுக்கறீங்க. அதுல 150 லிட்டர் தண்ணி விட்டா 150 கிலோ. உள்ளே இறங்குற ஆள் 70 கிலோ. மொத்தம் 250 கிலோ. நாலு காலும் சமமாத் தாங்கினா ஒரு காலுக்கு 60 கிலோ சொச்சம். ஒரு கால் மட்டும் தரையைத் தொடாம ஒரு நூல் இடைவெளி இருக்குன்னு வெச்சுக்குங்க. பாரம் பெரும்பாலும் எதிரெதிர் மூலையில இருக்கிற ரெண்டு கால் மேல போயிடும். காலுக்கு 120 கிலோவுக்கு மேல. அந்தக் காலுக்கு அடியில டைல்ஸ் பொந்தா இருந்தா, தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம் வருமே அது, டைல்ஸ் உடையும். இல்லைன்னா தொட்டி முறுக்கிக்கும்.

முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். மூணு கல்லு அடுப்பு எந்தக் காட்டுல வெச்சாலும் நிக்கும். நாலு கால் வெச்ச எதுவும் தரையோட ஒத்துப் போகணும், இல்லைன்னா காலை ஏத்தி இறக்கித் திருகி அதை ஒத்துப் போக வைக்கணும். அதுக்கு நேரம் வேணும். நீங்க கொடுக்காதது அதைத்தான்.

ரெண்டாவது, நம்ம ஊர்க் குளியலறைத் தரை மட்டமா இருக்காது. இருக்கவும் கூடாது. தண்ணி ஓடுறதுக்காக ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் கொடுத்துத்தான் போடுவாங்க. அந்த வாட்டத்துல நீளவாக்குல அஞ்சடித் தொட்டியை வெச்சா, ஒரு முனை ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துதான் நிக்கும். இது யார் தப்பும் இல்லை. தொட்டி வரப்போற இடத்துக்கு மட்டும் தனியா மட்டமான மேடை போடணும்னா, அதைத் தரை போடுறதுக்கு முன்னாடியே சொல்லணும். டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடிச்ச பிறகு, "சர்ப்ரைஸ், ஒரு பாத்டப் வாங்கியிருக்கேன்"னு லாரியில இறக்கினா மேஸ்திரி என்ன பண்ணுவார்? உடைஞ்ச டைல்ஸ் சில்லும் மரத்துண்டும் வெச்சு முட்டுக் கொடுப்பார். ஈரத்துல மரம் ஊறும், அப்புறம் மக்கும். ஒரு வருஷத்துல தொட்டி ஆடும். ஊர் ஆளுக்கு மட்டம் தெரியலைன்னு நீங்க சொல்லுவீங்க.

மூணாவது, மட்டத்தை எங்கே வெச்சுப் பார்க்கறதுங்கறது. இதுல நான் பார்த்த கூத்து கொஞ்ச நஞ்சமில்லை. செல்போன்ல மட்டம் பார்க்கிற ஆப்பைத் திறந்து, போனைத் தொட்டிக்குள்ள அடியில வெச்சு, "பாருங்க சார், சாய்ஞ்சிருக்கு"ன்னு காட்டுறாங்க. தொட்டியோட அடிப்பாகம் சாய்வாத்தான் இருக்கும்! தண்ணி வடியறதுக்காகக் கம்பெனியிலேயே ஓட்டைப் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் வார்க்கிறாங்க. அதை மட்டம் பண்ணினா குளிச்ச தண்ணி வடியாம நிக்கும். ரசமட்டத்தை வைக்க வேண்டியது தொட்டியோட மேல் விளிம்புல. நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை. குமிழி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் மேடு. போதாக்குறைக்கு போன் முதுகுல கேமரா வேற முட்டை மாதிரி துருத்திட்டு நிக்குது. அதை வெச்சு மட்டம் பார்த்துட்டு, முப்பது வருஷம் ரசமட்டம் பிடிச்ச மனுசனுக்குப் பாடம் எடுக்கறீங்க.

நாலாவது, தொட்டிக்கு அடியில என்ன இருக்குங்கறது. அக்ரிலிக் தொட்டியோட அடிப்பாகம் மெல்லிசு. கீழே கண்ணாடி இழை பூசியிருந்தாலும் கால் வெச்சா அமுங்கும். சில தொட்டி இரும்புச் சட்டத்தோட வரும், சட்டமே தாங்கிக்கும். சிலதுக்கு அடியில ஈரக் கலவை கொட்டி, அதுல தொட்டியை அமுக்கி உட்கார வைக்கணும். எது எந்த ரகம்னு டப்பாக்குள்ள ஒரு தாள்ல எழுதியிருக்கும். அந்தத் தாளை மேஸ்திரி கையில கொடுத்துப் படிச்சுச் சொன்ன ஒரு வீட்டுக்காரரையாவது காட்டுங்க. அது இங்கிலீஷ்ல இருக்கும், டப்பாவோட சேர்த்துக் குப்பைக்குப் போயிருக்கும். அப்புறம் விளிம்பை நாலு பக்கமும் செங்கல் சுவர் மேல தூக்கி வெச்சு, அடிவயிறு அந்தரத்துல தொங்கும். பாரம் தாங்க வேண்டியது அடி. விளிம்பு தாங்கறதுக்கு இல்லை. வயிறு தொங்குற தொட்டி கிறீச் கிறீச்சுனு கத்தும், ஒரு நாள் கீறும்.

அஞ்சாவது, அந்தச் சிலிக்கான் பசை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல அடிக்கிறோமே அது. தொட்டி காலியா இருக்கும்போது அடிச்சா, தண்ணி நிரப்பினதும் கனத்துல தொட்டி ஒரு நூல் கீழே இறங்கும், பசை பிரிஞ்சுக்கும். அந்த இடுக்கு வழியா தினமும் தண்ணி இறங்கி அடியில இருக்கிறதையெல்லாம் ஊற வைக்கும். அதனால தொட்டி நிறையத் தண்ணி விட்டு, அது இறங்க வேண்டியதெல்லாம் இறங்கின பிறகு பசை அடிச்சு, ஒரு நாள் அப்படியே விட்டு, காய்ஞ்ச பிறகுதான் தண்ணியைத் திறக்கணும். அதாவது ஒரு முழு நாள் சும்மா காத்திருக்கணும். "சும்மா உட்கார்றதுக்குக் கூலியா"ன்னு கேட்கிற ஆளுகிட்ட எந்த மேஸ்திரி இதைச் சொல்லுவார்?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய விஷயம் மண்ணு.

எங்க பக்கம் ஒரே ஊர்ல செம்மண்ணும் இருக்கும், கருமண்ணும் இருக்கும். கருமண் ஈரம் பட்டா உப்பும், காய்ஞ்சா பிளக்கும். கோடையில கை விட்டா முழங்கை வரைக்கும் போற வெடிப்பு விடும். அது மேல வீடு கட்டறவங்க, அந்த மண்ணை வெட்டி எடுத்துட்டு கிராவல் கொட்டணும். கிராவலையும் மொத்தமாக் கொட்டிடக் கூடாது. அரையடி, முக்காலடி கனத்துக்குக் கொட்டி, தண்ணி விட்டு, திமிசுக்கட்டையால இடிச்சு, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. முடிஞ்சா ஒரு மழைக்காலம் விட்டு வைக்கணும். புது வரப்பு போட்டா முதல் மழையில அது உட்கார்றதை வருஷா வருஷம் பார்க்கிறவங்க நாங்க. கொட்டின மண் உட்காராம இருக்காது.

போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். ஊர் பேரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். பக்கத்துல ஒரு பண்ணை வீடு. மூணு அடி உயர பேஸ்மெண்ட். ஜேசிபி விட்டு மூணே நாள்ல மண்ணை நிரப்பினாங்க. "ஒரு மழை பார்த்துட்டு உள் தளம் போடலாம்ங்க சார், மண்ணு உட்காரட்டும்"னு மேஸ்திரி சொல்லியிருக்கார். "ஆவணியில பால் காய்ச்சணும், பத்திரிகை அடிச்சாச்சு"ன்னு பதில். அப்புறம் அவர் என்ன பேசுவார்? தளம் போட்டார், டைல்ஸ் ஒட்டினார், 62,000 ரூபாய்த் தொட்டியை வெச்சுக் கொடுத்தார். பால் காய்ச்சினாங்க, போட்டோ எடுத்தாங்க. ஐப்பசி, கார்த்திகை மழை வந்துச்சு. தை மாசம் தொட்டியில ஓட்டைக்கு எதிர் முனையில தண்ணி நிக்குதுன்னு புகார். மேஸ்திரிக்குச் சேர வேண்டிய மீதி 14,000 ரூபாயை நிறுத்திட்டாங்க.

"அண்ணா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க, நான் வெச்சது தப்பா இருந்தா நானே உடைச்சு மாத்தித் தர்றேன்"னு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். போனேன். டியூப்ல தண்ணி விட்டு, குமிழி இல்லாமப் பார்த்து, தொட்டி விளிம்புல ரெண்டு முனையும் பிடிச்சுப் பார்த்தோம். அந்த முனை 9 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்துச்சு. உண்மைதான். ஆனா அதே முனையில, சுவர் ஓரமா ஒட்டியிருக்கிற ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சந்து. அளந்து பார்த்தா அதுவும் கிட்டத்தட்ட அதே 9 மில்லிமீட்டர். சுவர் அஸ்திவாரத்து மேல நிக்குது, அசையலை. கொட்டின மண்ணு மேல நிக்கிற தரை மட்டும் இறங்கியிருக்கு. தரையோட சேர்ந்து தொட்டியும் இறங்கியிருக்கு. அந்த மனுசன் வெச்ச அன்னைக்குத் தொட்டி மட்டமாத்தான் இருந்திருக்கு. அதுக்குச் சாட்சி அந்தச் சந்து. வீட்டுக்காரர் கிட்ட விளக்கினேன். அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணா, தொட்டியை வெச்சது அவர்தானே?"

இன்னைக்கு வரைக்கும் அந்தப் பணம் வரலை. 14,000 ரூபாய் உங்களுக்கு ஒரு வார இறுதிச் செலவு. அவருக்கு, கூட வேலை செஞ்ச சித்தாளுக்கும் பெரியாளுக்கும் கைக்காசு போட்டுக் கொடுத்த கூலி. அதைவிடப் பெரிய நஷ்டம், "தொட்டி வைக்கத் தெரியாதவர்"ங்கற பேர். அந்தப் பேர் அடுத்தடுத்த பண்ணை வீட்டுக்காரர்கள் வாய்க்குப் போயாச்சு. இப்ப அவங்க கோயமுத்தூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வர்றாங்க. வர்ற ஆளும் அதே இறங்குற தரை மேலதான் வைக்கப் போறார். மண்ணுக்குக் கோயமுத்தூர்க்காரர், உள்ளூர்க்காரர்னு வித்தியாசம் தெரியாதுங்க.

ஒரு நியாயமான கேள்வி வரும். "சார், எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மேஸ்திரிதானே அடிச்சுச் சொல்லியிருக்கணும்? அவர் ஏன் சரிங்க சார்னு தலையாட்டினார்?" கேட்கலாம். எங்க ஊர்க் கொத்தனார்கள் கிட்ட எனக்கும் இந்த வருத்தம் உண்டு. முடியாததை முடியாதுன்னு சொல்லப் பழகணும். சில பேர் தெரியாத வேலையையும் தெரிஞ்ச மாதிரி ஏத்துக்கறாங்க, அதுவும் உண்மை. கிராமத்துல குளியல் தொட்டி வைக்கிற வேலை அடிக்கடி வராது, தாளைப் படிச்சுச் சொல்லவும் ஆள் இருக்காது. ஆனா ஒரு தடவை மறுத்துப் பேசினா, அடுத்த நாளே வேற ஆளை இறக்குறது யாருங்க? வேலை போயிடும்னு பயந்து தலையாட்டுறவனை, தலையாட்டினதுக்காகவும் தண்டிச்சா எப்படி?

குளியல் தொட்டியே வேண்டாம்னு நான் சொல்லலை. உங்க காசு, உங்க வீடு, சுகமாக் குளிங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும். கோடையில ஒரு தென்னைக்குச் சொட்டுநீர்ல ஒரு நாளைக்கு 65 லிட்டர் கணக்குச் சொல்றாங்க. உங்க ஒரு குளியல் ரெண்டு மரத்தோட ஒரு நாள் தண்ணி. அந்த நினைப்பு இருந்தா, எப்போதாவது குளிப்பீங்க, அப்படிக் குளிக்கிற தொட்டியை ஒழுங்காவும் வைப்பீங்க.

ஒழுங்கா வைக்கணும்னா இவ்வளவுதான் செய்யணும்:

தொட்டி வாங்கப் போறீங்கன்னா தளம் போடுறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. எங்கே, எந்த நீளம், ஓட்டை எந்தப் பக்கம்னு சுண்ணாம்புல கோடு போட்டுக் காட்டுங்க.

மண் உட்காரக் காலம் கொடுங்க. பத்திரிகைத் தேதியை மண் மதிக்காது. காத்திருக்க முடியாதுன்னா, அடுக்கடுக்கா இடிக்கிற கூலியையாவது கொடுங்க.

டப்பாவுல வர்ற தாளை உட்கார்ந்து தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை.

கீழே பைப்பைப் பார்க்க ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்க. அழகு கெடுதுன்னு நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டி மூடிட்டா, ஒழுகினா சுவரை உடைக்க வேண்டியதுதான்.

மூடுறதுக்கு முன்னாடி தொட்டி நிறையத் தண்ணி விட்டு, மொத்தமாத் திறந்து விடுங்க. பைப் மூட்டுக்கு அடியில பழைய செய்தித்தாளை விரிச்சு வெச்சா ஒரு சொட்டு ஒழுகினாலும் காட்டிக் கொடுத்துடும்.

ரசமட்டம் வெச்சுப் பார்க்கும்போது மேஸ்திரியோட நீங்களும் நில்லுங்க. ரெண்டு பேரும் பார்த்து, "சரி"ன்னு சொல்லி, போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்குத் தரை இறங்கினா அவர் வெச்சது சரின்னு அந்தப் போட்டோ சொல்லும்.

இது எல்லாத்துக்கும் சேர்த்து மிஞ்சிப் போனா ரெண்டு நாள் கூலி கூட ஆகும். அறுபதாயிரம் ரூபாய்த் தொட்டிக்கு ரெண்டு நாள் கூலி. குழாய்க்கு வாங்குற பளபளப்புத் திருகுக்கு இதைவிட அதிகமாக் கொடுப்பீங்க. கண்ணுக்குத் தெரியறதுக்கெல்லாம் கேட்ட விலை கொடுத்துட்டு, கண்ணுக்குத் தெரியாம அடியில போற வேலைக்கு மட்டும் பேரம் பேசுற பழக்கம்தாங்க உங்க தொட்டியை ஆட வைக்குது.

அந்த வேலையை வேண்டாம்னு சொன்னவர் நீங்கன்னா, அதோட விலையை மேஸ்திரி மடியில இருந்து எடுக்காதீங்க. பாக்கி வெச்சிருக்கிறவங்க முதல்ல அதைக் கொடுத்துட்டு வாங்க. தொட்டியை எப்படித் தூக்கி, காலைத் திருகி, கலவை போட்டுச் சரி பண்றதுன்னு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். அந்த வேலைக்கும் அவரையேதான் கூப்பிடணும். எந்த இடத்துல தரை இறங்கியிருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்.